ஆற வச்சு ஆத்தணும்

பீரை நான் இன்னிக்கு வரைக்கும் ஆசையா ஒரு வாய் குடிச்சதில்லே. ஆனா அதை எப்படிக் காய்ச்சணும், எப்ப ஆற வெக்கணும், எப்ப ஆத்தணும், எப்ப கையை வெக்காம சும்மா விடணும்னு நடுத்தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். என்னா கேவலம் பாருங்க. ஒரு பொம்பளைக்கு இந்த உலகத்துல தெரிஞ்சுக்க எவ்வளவோ இருக்கு. எனக்குன்னு வந்து வாய்ச்சது இந்தக் கருமம். மிஷன் பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்ட நாலெழுத்தை வெச்சு இதை எழுத உக்காந்தா, அந்த வாடை மொதல்ல வந்து மூக்குல ஏறிக்கிது. எந்திரிச்சுப் போயி மூஞ்சியைக் கழுவிட்டு வந்துதான் எழுதறேன்.

ரப்பர் விலை விழுந்து கெடந்த காலம் அது. யோங் பெங் டவுன்ல இருந்து உள்ளுக்குப் போற செம்மண் ரோட்டுல எங்க தோட்டம். என் வீட்டுக்காரரு தொரை பங்களாவுல குசினி வேலை. சமையல் எல்லாம் அவரு. நான் அவருக்கு ஒத்தாசை. மீன் கழுவறது, சட்டி தேய்க்கறது, கோழி உரிக்கறது. விலை விழுந்ததும் தோட்டத்துல ஆளைக் கொறைச்சாங்க. லயத்துல பாதி வீடு காலியாச்சு. மூட்டை முடிச்சோட லோரியில ஏத்தி சிங்கப்பூருக்குக் கொண்டு போயி, அங்கேருந்து ஊருக்குக் கப்பல் ஏத்தி விட்டாங்க. பங்களாவுலயும் தோட்டக்காரரு போனாரு, தண்ணி தூக்கறவரு போனாரு, கக்கூஸ் வாளி எடுக்கறவரு போனாரு, நாயைப் பாத்துக்கிட்டவரு போனாரு. நாய் மட்டும் இருந்துச்சு. மிச்சம் நாங்க ரெண்டு பேருதான்.

எங்களுக்கு ஊருன்னு ஒண்ணு பேருக்குத்தான் இருந்துச்சு. போனா நிக்கறதுக்கு ஒரு கூரை கெடையாது. அதனால தொரை என்ன சொன்னாலும் சரிங்க தொரைன்னு தலையை ஆட்டிக்கிட்டு இருந்தோம்.

தொரைக்கும் சம்பளத்தைக் கொறைச்சிட்டாங்க போல. சிங்கப்பூர்ல இருந்து பெட்டி பெட்டியா வந்துக்கிட்டிருந்த பீரு நின்னு போச்சு. நின்னதும் அந்த மனுஷனுக்குப் பைத்தியம் பிடிக்காத கொறைதான். நாற்காலியை ஒதைப்பாரு, நாயை ஒதைப்பாரு, சூப்புல உப்பு இல்லேம்பாரு, உப்பு போட்டா உப்புக் கரிக்குதும்பாரு. ஒரு நாள் வண்டியில இருந்து டின்னு டின்னா என்னமோ எறக்கினாரு. டின்னைத் தொறந்தா கருப்பா, கெட்டியா, பார்லியில எடுத்த பாகு. கூடவே ஒரு பொட்டலத்துல காஞ்ச பச்சைப் பூ. ஒண்ணை எடுத்து மென்னு பாத்தேன். எட்டிக்காய் கசப்பு.

"நீ பீரு செய்"னு என் வீட்டுக்காரரைப் பாத்துச் சொன்னாரு தொரை. "நல்லா செஞ்சா நீ இங்கே. செய்யலே, நீ கப்பல்."

என் வீட்டுக்காரரு சரிங்க தொரைன்னாரு. எனக்குத்தான் மனசு ஒப்பலே. ஏன்னு சொல்றேன்.

அவரு ஒரு காலத்துல கள்ளுக்கடையே கதின்னு கெடந்தவரு. சாயங்காலம் போவாரு. இருட்டினப்புறம் யாராவது கொண்டாந்து வாசல்ல போட்டுட்டுப் போவாங்க. வாந்தி எடுத்து அதுலயே மூஞ்சியை வெச்சுத் தூங்குவாரு. லயத்து நாய் வந்து வாந்தியை நக்கும், அப்படியே இவரு வாயையும் நக்கும். இவரு தூக்கத்துலயே சிரிப்பாரு. நான் அதைப் பாத்துக்கிட்டு நின்னிருக்கேன். சீ! ஒரு தடவை வேட்டி தடுக்கி அடுப்பு மேலயே விழுந்தாரு. கொதிச்சிக்கிட்டிருந்த கஞ்சி என் இடது கையில ஊத்திருச்சு. தோலு உரிஞ்சு வந்துச்சு. மறுநாள் தெளிஞ்சு எந்திரிச்சு அந்தக் கையைப் பாத்தாரு. நேரா தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போயி, எரியற சூடத்தை உள்ளங்கையால அடிச்சு அணைச்சு, இனி ஒரு சொட்டு வாயில பட்டா இந்தக் கை அழுகிப் போகட்டும்னு சத்தியம் பண்ணாரு. அதுக்கப்புறம் ரெண்டு மூணு தீபாவளி வந்து போச்சு. தொடலே. தொரையோட போத்தலைத் தொடைச்சு வெக்கும்போதுகூட மூக்கை அந்தப் பக்கம் திருப்பிக்குவாரு.

எனக்குப் புருஷன் திரும்பக் கெடைச்சது அந்தச் சூடத்துல. இப்ப அதே மனுஷனைக் கூப்பிட்டு அண்டா நெறையா போதைத் தண்ணி காய்ச்சச் சொன்னா எனக்கு எப்படி இருக்கும்? வேணாம்னு சொன்னா கப்பல். சரின்னா கள்ளுக்கடையே குசினிக்குள்ள வந்த மாதிரி. மறுபடி அவரு அந்தக் குழியில விழுந்தா, இந்தத் தடவை என்னால தூக்க முடியாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

தொரை தோட்டத்துத் தமிழ் பேசுவாரு. அது ஒரு தமிழ். வா, போ, எடு, வை, ஏன் லேட்டு. மரியாதையும் கெடையாது, முன்னும் பின்னும் கெடையாது. அந்தத் தமிழ்ல அவரு பீரு செய்யற வெதத்தைச் சொன்னாரு. "தண்ணி கொதி. பாகு போடு. பூ போடு. நல்லா கொதி. அப்புறம் ஆத்து. காத்து குடு. ஈஸ்ட் போடு. மூடு."

இவ்வளவுதான். ஈஸ்ட்டுங்கிறது ரொட்டி உப்பறதுக்குப் போடற புளிச்ச மாவு. யோங் பெங்ல ரொட்டிக் கடை வெச்சிருந்த சீனரு ஒரு பால் டின்னுல குடுத்து விட்டாரு.

அண்டாவுல பாகும் பூவும் கொதிச்ச வாடை இருக்கே, அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லே. மாட்டுக்குப் புண்ணாக்கு வேகற வாடையும், வைத்தியர் வீட்டுக் கசாய வாடையும் ஒண்ணாச் சேந்து, இனிச்சுக்கிட்டே கசக்கும். முடியில ஏறிக்கிச்சு, சேலையில ஏறிக்கிச்சு, அன்னிக்கு வடிச்ச சோத்துல ஏறிக்கிச்சு. அந்தத் தண்ணிக்குத் தொரை என்னமோ ஒரு பேரு சொன்னாரு. நாங்க கசாயம்னே வெச்சுக்கிட்டோம்.

கொதிச்சு எறக்கியாச்சு. அப்புறம்? ஆத்துன்னுதானே சொன்னாரு? ஆத்தறதுல என் வீட்டுக்காரரை மிஞ்ச ஆளு கெடையாது. தேத்தண்ணியை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு அவரு இழுத்தா, ஒரு சொட்டு கீழ விழாது. பொகை பறக்கற கசாயத்தை ரெண்டு வாளியில எடுத்துக்கிட்டு, தலைக்கு மேல தூக்கி ஊத்த ஆரம்பிச்சாரு. கையெல்லாம் தெறிச்சு செவந்து போச்சு. பழுப்பு நொரை தரையெல்லாம் வழிஞ்சு, காலு பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு, எறும்பு ஊர்வலமா வந்துச்சு.

"காத்து குடுக்கச் சொன்னாரே?"ன்னு நான் கேட்டேன்.

"விசிறியை எடு புள்ள"ன்னாரு.

ஐயோ, அலமாக்! இப்ப நெனைச்சாலும் தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு. அண்டாவை ஜன்னல் ஓரம் வெச்சு, மூடியைத் தொறந்து வெச்சு, பனையோலை விசிறியால மாத்தி மாத்தி விசிறினோம். பிள்ளைத்தாச்சிக்கு விசிறற மாதிரி விசிறினோம். ரோட்டுச் செம்மண் தூசி வந்து விழுந்துச்சு, ஈ வந்து விழுந்துச்சு. காத்து வரட்டும்னு விடிய விடிய தொறந்தே வேற வெச்சோம். காலையில பாத்தா ஒரு பல்லி மெதக்குது. வாலைப் புடிச்சுத் தூக்கி வெளிய போட்டேன். இதைத்தானே தொரை குடிக்கப் போறாரு, குடிக்கட்டும்னு ஈஸ்ட்டைப் போட்டு மூடினோம்.

ஈஸ்ட்டு எந்திரிக்கவே இல்லே. அடியில சேறு மாதிரி கெடந்துச்சு. நாலஞ்சு நாள் போனதும் மேல ஒரு ஏடு கட்டுச்சு, கெழட்டுக் கண்ணுல பூ விழுந்த மாதிரி வெள்ளையா. வடிகட்டிப் போத்தல்ல அடைச்சோம். தொரை ஆசை ஆசையாக் குடிச்சாரு. குடிச்சவரு மறுநாள் பூரா கக்கூஸ்லயேதான் குடித்தனம். வாளி எடுக்கறவரைத்தான் அனுப்பியாச்சே. யாரு எடுக்கறது? நான்தான் எடுத்தேன். மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு, பங்களாப் பின்னால குழிக்கும் வாளிக்குமா நடந்தேன். நான் ஊத்திக் குடுத்ததே என் கைக்குத் திரும்பி வருதுன்னு நெனைச்சப்ப ஓங்கரிச்சுக்கிட்டு வந்துச்சு. குழியோரம் நின்னு நானும் வாந்தி எடுத்தேன்.

தொரை மெலிஞ்சு போயி வந்து விசாரணை வெச்சாரு.

"ஆத்தினே?"

"ஆத்தினேன் தொரை."

"காத்து குடுத்தே?"

"கை கடுக்கக் கடுக்கக் குடுத்தேன் தொரை."

தொரை தாடையைச் சொறிஞ்சுக்கிட்டு யோசிச்சாரு. எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கான், அப்புறம் என்ன கேடுன்னு அவருக்கு வெளங்கலே. "காத்து பத்தலே. இன்னும் குடு"ன்னாரு. போறப்ப ஒரு வார்த்தை சொன்னாரு பாருங்க, அதுலதான் எனக்கு உசிரே போச்சு. "இனி மொதல்ல நீ குடி. நீ சாகலே, அப்ப நான் குடிக்கிறேன்."

என் வீட்டுக்காரரு உள்ளங்கையைப் பாத்துக்கிட்டு நின்னாரு. சூடம் சுட்ட எடத்துல காசளவு தழும்பு இருக்கும். நான் அவரு காதுகிட்டப் போயி, "நீங்க வாயைத் தொறக்காதீங்க, நான் குடிச்சுக்கறேன்"னேன். அவரு என்னை நிமிந்துகூடப் பாக்கலே.

ரெண்டாவது தடவை காத்து பத்தாம போயிரக் கூடாதேன்னு, சூட்டோட ஆத்தினது போதாதுன்னு, ஈஸ்ட்டு போட்டப்புறமும் தினம் மூடியைத் தொறந்து வாளிக்கு வாளி மாத்தி ஆத்தினோம். மேல நொரை கட்டியிருந்தாலும் ஆத்தினோம். நொரை அடங்கினப்புறமும் ஆத்தினோம். தொரை வராந்தாவுல இருந்து "காத்து குடுத்தியா?"ன்னு கத்துவாரு. "குடுக்கறேன் தொரை"ன்னு இவரு வாளியைத் தூக்குவாரு.

போத்தல் தொறக்கற நாள் வந்துச்சு. குசினிக் கதவைச் சாத்திக்கிட்டு நான் குவளையில ஊத்தினேன். மூக்கைப் புடிச்சுக்கிட்டு ஒரு வாய். த்தூ! பழைய காகிதத்தை ஊற வெச்ச தண்ணியில காடியைக் கலந்து, அதுல ஈரச் சாக்கைப் பிழிஞ்ச மாதிரி இருந்துச்சு. நாக்கைச் சேலைத் தலைப்பால தொடைச்சேன். போகலே. உப்பை வெச்சுத் தேய்ச்சேன். போகலே.

"குடிச்சியா?"ன்னு வராந்தாவுல இருந்து சத்தம்.

"குடிச்சாச்சு தொரை"ன்னு இவரு உள்ளேருந்து சத்தமாச் சொன்னாரு. சொல்லும்போது என் வாயைப் பாத்துக்கிட்டே நின்னாரு. அந்த நாத்தம் புடிச்ச காடிக்கே அவரு தொண்டைக்குழி ஒரு தடவை மேல ஏறி எறங்குச்சு. நான் பாத்துட்டேன். நான் பாத்தேன்னு அவருக்கும் தெரிஞ்சு போச்சு. குவளையைக் கவுத்து வெச்சிட்டு, ரெண்டு பேரும் வெங்காயம் உரிச்சோம்.

தொரை ஒரு வாய் குடிச்சிட்டு வராந்தாக் கம்பி வழியாத் துப்பினாரு. கீழ செம்பருத்திச் செடி. போத்தலைத் தூக்கி எறிஞ்சாரு. "காத்து வேணாம்! ஈஸ்ட் போட்டே, அப்புறம் காத்து வேணாம்! தொடாதே! ஆத்தாதே!"ன்னு குதிச்சாரு. எங்களுக்கு அதுல காதுல விழுந்தது, ஆத்தாதேங்கிறது ஒண்ணுதான்.

சரி, ஆத்தக் கூடாதுன்னா ஆத்த மாட்டோம். மூணாவது தடவை கசாயத்தை எறக்கி, மூடி, ஈரச் சாக்கைச் சுத்தி, குளிக்கற தொட்டித் தண்ணிக்குள்ள எறக்கி வெச்சோம். அது பாட்டுக்கு ஆறுச்சு. ஒரு அசைவு அசைக்கலே. காத்தும் குடுக்கலே, கீத்தும் குடுக்கலே. பல்லி விழலே, ஈ விழலே, அது மட்டும் லாபம். ஈஸ்ட்டைப் போட்டோம். அது ரெண்டு நாள் கழிச்சு நோயாளி மாதிரி எந்திரிச்சு, பாதி வேலை செஞ்சிட்டுப் படுத்துக்கிச்சு. முடிஞ்சு போச்சாக்கும்னு நெனைச்சுப் போத்தல்ல அடைச்சோம். உள்ள போனதும் அதுக்கு என்ன ரோஷம் வந்துச்சோ, மறுபடி பொங்க ஆரம்பிச்சிருச்சு. அலமாரிக்குள்ள ஒவ்வொண்ணா வெடிச்சுச்சு. கதவைத் தொறந்தா கண்ணாடிச் சில்லும் பாகும், மேல கரப்பான் பூச்சி மேஞ்சிக்கிட்டு கெடக்கு. தப்பிச்ச போத்தலைத் தொறந்து நான் ஒரு வாய் குடிச்சேன். ஒரே இனிப்பு, அதுக்கு அடியில அழுகின முட்டை. அன்னிக்கு நான் சோறு திங்கலே.

தொரை இந்தத் தடவை கத்தலே. அதுதான் பயமா இருந்துச்சு. "அடுத்தது கடைசி. அப்புறம் கப்பல்"னு மெதுவாச் சொன்னாரு.

எனக்குக் கோவம் வந்துச்சு பாருங்க, எங்கேருந்து வந்துச்சோ. பல்லி, வாளி, கரப்பான், அழுகின முட்டை எல்லாம் சேந்து தொண்டை வரைக்கும் வந்து நின்னுச்சு. முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு வராந்தாவுக்கே போயிட்டேன். "தொரை, நீங்க ஆத்துன்னீங்க, ஆத்தினோம். காத்துன்னீங்க, விசிறினோம். ஆத்தாதேன்னீங்க, ஆத்தலே. இன்னும் என்னதான் பண்ணணும்? குசினிக்கு வந்து காட்டிட்டுப் போங்க"ன்னேன். என் வீட்டுக்காரரு பின்னால நின்னு என் சேலையைப் புடிச்சு இழுக்கறாரு. நான் திரும்பலே.

"விசிறினே?"ன்னாரு தொரை. அந்த வார்த்தை அவருக்குத் தெரியலே. நான் மேசை மேல கெடந்த பேப்பரை எடுத்து விசிறிக் காட்டினேன். தொரை வாயைத் தொறந்தவரு மூடவே இல்லே.

அதுக்கப்புறம் பங்களாவுக்கு வந்த நாளா மொதல் தடவையாக் குசினிக்குள்ள காலு வெச்சாரு. நாறுதுன்னு மூக்கைச் சுளிச்சாரு. நாறாம என்ன செய்யும், எல்லாம் உங்க கசாயம்தான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். வெந்நியைக் காட்டி, எப்படி ஆத்தினேன்னு காட்டச் சொன்னாரு. இவரு ரெண்டு வாளியை எடுத்து, பொகை பறக்கத் தலைக்கு மேல தூக்கினாரு. தொரை "நோ! நோ! நோ!"ன்னு ஓடி வந்து கையைப் புடிச்சிக்கிட்டாரு.

அப்புறம் ஒரு கூத்து நடந்துச்சு. ஈஸ்ட்டு வெச்சிருந்த பால் டின்னைக் காட்டி, "இது உசிரு"ன்னாரு. தன் மூக்கைத் தானே இறுக்கிப் புடிச்சிக்கிட்டாரு. வாயையும் மூடிக்கிட்டாரு. மூஞ்சி செவந்துச்சு, ஊதா ஆச்சு, கண்ணு பிதுங்குச்சு. அவருக்கு வலிப்புதான் வந்திருச்சோன்னு எனக்குப் பயம். சாவிக் கொத்து கையில குடுக்கலாமான்னு பாத்தேன். அப்புறம் மூக்கை விட்டுட்டு, ஹா ஹான்னு மூச்சு இழுத்து, "மூச்சு! ஈஸ்ட்டுக்கு மூச்சு வேணும்!"னாரு. வெந்நி வாளியைக் காட்டி, "சூடு, மூச்சு நிக்காது. ஓடிப் போச்சு. பீரும் கெட்டுப் போச்சு." பானையில இருந்த பச்சைத் தண்ணியைக் காட்டி, "இது ஆறின தண்ணி. இதுல மூச்சு நிக்கும்." ஒரு சொம்பை எடுத்து அந்தத் தண்ணியை மேல இருந்து சளசளன்னு ஊத்தினாரு. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. "இப்ப காத்து! இப்ப! அப்புறம் ஈஸ்ட். ஈஸ்ட் குதிச்சாச்சு, அப்புறம் காத்து வேணாம். எப்பவும் வேணாம்."

எனக்கு மண்டையில பளிச்சுன்னுச்சு. இந்த மனுஷன் ஆற வெக்கறதுக்கும் ஆத்துங்கிறாரு. காத்து சேர ஊத்தறதுக்குச் சொல்லத் தெரியாம காத்து குடுங்கிறாரு. தமிழ்ல ரெண்டு வார்த்தை இருக்கேய்யா! ஆற வெக்கறது வேற, ஆத்தறது வேற. அதை மாத்திப் போட்டதுக்கா நான் பல்லியைப் பொறுக்கினேன், வாளி சொமந்தேன்?

"ஆற வச்சு ஆத்தணும்! அவ்வளவுதானே தொரை?"ன்னேன்.

"ஆற வச்சு ஆத்து"ன்னு தொரை ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டாரு. சின்னப்புள்ள மாதிரி தலையை ஆட்டினாரு. போகும்போது நெலையில முட்டிக்கிட்டாரு. எனக்கு அது ஒரு சின்ன ஆறுதல்.

நாலாவது தடவை எல்லாம் நானே செஞ்சேன். இவரை அண்டா பக்கமே விடலே. வாளி, சொம்பு, கரண்டி எல்லாத்தையும் கொதிநீர்ல போட்டு எடுத்தேன். கசாயத்தை மூடி வெச்சு, தொட்டித் தண்ணியில எறக்கி, தண்ணி சூடாக சூடாக மாத்தினேன். அண்டா வெளிப்பக்கம் மணிக்கட்டை வெச்சா சூடும் தெரியக் கூடாது, சில்லுன்னும் இருக்கக் கூடாது. அந்தப் பதம் வந்தப்புறம்தான் வாளியைத் தூக்கினேன். கஞ்சி சுட்ட கை தூக்க வராது, இருந்தாலும் தூக்கினேன். மேல இருந்து ஊத்த ஊத்த வெள்ளை நொரை வாளி விளிம்புக்கு வந்து நின்னுச்சு. உடனே ஈஸ்ட்டு, உடனே மூடி. அதுக்கப்புறம் யாரு என்ன கத்தினாலும் தொடலே. விடிஞ்சு பாத்தா மூடியைத் தூக்கிக்கிட்டு நொரை எட்டிப் பாக்குது. புளிச்ச ரொட்டி மாதிரி சுத்தமான வாடை.

அதுதான் எனக்கு எல்லாத்தையும் விட அருவருப்பா இருந்துச்சு. இத்தனை நாளும் நாறின வரைக்கும் எனக்கு ஒரு தைரியம் இருந்துச்சு. நாறற சாமானை எந்தக் குடிகாரனும் தேடிப் போக மாட்டான். இது நல்லா இருந்துச்சு. என் வீட்டுக்காரரு குசினிக்குள்ள வந்தவரு வாசப்படியிலயே நின்னுட்டாரு. "வாடை மாறிப் போச்சே"ன்னாரு. "போயி விறகு பொளங்க"ன்னேன். போயி பொளந்தாரு. தேவைக்கு மேலயே பொளந்தாரு.

போத்தல்ல அடைக்கும்போது ரப்பர்க் கொழாயைப் போத்தல் அடி வரைக்கும் விட்டு, ஒரு சளசளப்பு இல்லாம எறக்கினேன். கொஞ்ச நாள் கழிச்சு ஒண்ணைத் தொறந்து ஒரு வாய் குடிச்சேன். கசந்துச்சு, குளுகுளுன்னு நாக்கைக் கடிச்சுச்சு, எறங்கிப் போச்சு. துப்பணும்னு தோணலே. அதுக்காகவே போயி துப்பிட்டு வந்தேன்.

ஞாயித்துக்கெழமை தொரை ரெண்டு தொரைமாரை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாரு. ஒருத்தரு பக்கத்துத் தோட்டம், ஒருத்தரு காஹாங் பக்கம். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு போத்தலைத் தொறந்தாங்க. புஸ்ஸுன்னு சத்தம். ஊத்தினா தேன் நெறம், மேல ரெண்டு விரல் கட்டை நொரை. ஒரு வாய் குடிச்சதும் காஹாங் தொரை தொடையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. எங்க தொரைக்கு முகமெல்லாம் பல்லு. நான் கதவு இடுக்குல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். கப்பல் இல்லேன்னு தெரிஞ்சு போச்சு. ஒரு மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முழுசா வெளிய வரலே, தொரை குரல் குடுத்தாரு.

"குக்! இங்கே வா!"

என் வீட்டுக்காரரு தோள்துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுப் போயி நின்னாரு. தொரை ஒரு பெரிய கிளாஸ் நெறைய ஊத்தி, தன் கையாலயே நீட்டினாரு. "குடி! குசினியிலே இல்லே. என் முன்னாலே குடி. நீ நல்ல குக்."

தொரை தன் கையால குடுக்கறதை வேணாம்னு சொல்ற ஆளு அந்தக் காலத்துல எந்தத் தோட்டத்துலயும் கெடையாது. அதுவும் பாதி லயம் காலியாக் கெடக்கறப்ப, விருந்தாளி முன்னால. இவரு ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு. கிளாஸ் வெளிப்பக்கம் வேர்த்துக் கெடந்துச்சு. நொரை இவரு விரல் மேல வழிஞ்சுச்சு. மூக்குக்கும் அதுக்கும் நடுவுல ஒரு சாண் இருக்கும். தொண்டைக்குழி ஏறுச்சு. எறங்குச்சு. மறுபடி ஏறுச்சு. நான் கதவுக் கொண்டியைப் புடிச்சிக்கிட்டு, ஆத்தா மாரியம்மா, உன் சூடம்டி, உன் சூடம்னு முனகினேன்.

மூணு தொரையும் பாத்துக்கிட்டே இருக்காங்க. "குடி, மேன்!"

இவரு மேசை மேல இருந்த காலி கிளாஸ் ஒண்ணை இடது கையில எடுத்தாரு. வலது கையைத் தலைக்கு மேல தூக்கினாரு. ஊத்தினாரு.

தேத்தண்ணி ஆத்தற மாதிரியே, ஒரு முழம், ரெண்டு முழம், இழுத்து இழுத்து ஆத்தினாரு. தேத்தண்ணின்னா ஒரு சொட்டு செதறாது. இது பீரு. ஒரு தடவை ஊத்தினதும் கிளாஸுக்கு மேல பொங்குச்சு. ரெண்டாவது தடவைக்குக் கை வழியா ஓடி முழங்கையில சொட்டுச்சு. மேசை விரிப்பு நனைஞ்சுச்சு. காஹாங் தொரையோட வெள்ளைக் கால்சட்டையில தெறிச்சு, அவரு துள்ளி எந்திரிச்சாரு. இவரு நிறுத்தலே. முகத்துல ஒரு அசைவு இல்லே. ஆத்திக்கிட்டே இருந்தாரு. "ஆத்தித்தான் தொரை எங்களுக்குப் பழக்கம்"னு பணிவாச் சொல்லிக்கிட்டே ஆத்தினாரு. கடைசியில ஒரு கிளாஸ்ல வெறும் சோப்பு நொரை, இன்னொண்ணுல அடியில ஒரு மொடக்குச் செத்த தண்ணி. அதையும் ஒரு தடவை மாத்தி ஊத்தினாரு. அதுவும் தரைக்குப் போச்சு. நாய் வந்து நக்குச்சு.

எங்க தொரை மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும். தட்டுச் சோத்துல ஒருத்தன் துப்பினா எப்படிப் பாப்போம், அப்படிப் பாத்தாரு. ஈஸ்ட்டு குதிச்சப்புறம் காத்தே படக் கூடாதுன்னு மூக்கைப் புடிச்சு, மூச்சடைச்சு, செத்துப் பொழைச்சுச் சொல்லிக் குடுத்த மனுஷன். அவரு கண்ணு முன்னாலயே ஒருத்தன் அதைக் கொன்னுட்டான். இவ்வளவு நாளும் நான் பட்ட அருவருப்பு மொத்தமும் அவரு மூஞ்சியில வந்து உக்காந்திருந்துச்சு.

"சீ! போ! போ!"ன்னு கையை வீசினாரு. "இவனுக்கு இனி பீரு குடுக்காதே! ஒரு சொட்டு குடுக்காதே! எப்பவும் குடுக்காதே!" அப்புறம் குசினிப் பக்கம் திரும்பி, "இனி பீரு அவ செய்யட்டும். நீ சோறு மட்டும் செய்!"னாரு. பக்கத்துத் தோட்டத்துத் தொரை தலையில கையை வெச்சிக்கிட்டு என்னமோ இங்கிலீஷ்ல சொன்னாரு. நல்லது எதுவும் இருக்காது.

இவரு காலி கிளாஸ் ரெண்டையும் மேசை மேல வெச்சிட்டு, குனிஞ்சு கும்பிட்டு, குசினிக்கு வந்தாரு. நான் சிரிக்கறதா அழறதான்னு தெரியாம நின்னேன். "என்னங்க, நீங்க..."ன்னு கிட்டப் போனேன். அவரு சிரிக்கலே. மேலெல்லாம் வேர்த்து வடிஞ்சுச்சு. ரெண்டு கையையும் ஒடம்புல படாம, முன்னால நீட்டிக்கிட்டே நின்னாரு. முழங்கை வரைக்கும் ஈரம். விரல் நுனியில இருந்து சொட்டிக்கிட்டிருக்கு.

"தண்ணித் தொட்டி அங்கதானே இருக்கு, கழுவுங்க"ன்னேன்.

"நீ கழுவி விடு புள்ள"ன்னாரு. "நானா கழுவப் போனா வாய்க்குப் போயிரும்."

நான் அடுப்புச் சாம்பலை ஒரு கை அள்ளினேன். புளியைச் சேத்துக்கிட்டேன். உள்ளங்கையில அந்தச் சூடத் தழும்பு தெரியற வரைக்கும் தேய்ச்சேன்.